4 நிமிடம் 37 விநாடி

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அதிகாலை 1:20 மணி. டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினுக்கு வடகிழக்கில் டெய்லர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணியில் இருந்தவர்கள், மாநிலமெங்கும் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு கொடுத்தார்கள்: 1,000 மெகாவாட் சுமையைத் துண்டியுங்கள். வெளியே குளிர் உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போயிருந்தது. அந்த மாநிலத்தில் பத்தில் ஆறு வீடுகளைக் கதகதப்பாக வைத்திருப்பது மின்சாரம்தான். அந்த இரவில் கரன்ட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது உத்தரவிட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அரை மணி நேரத்தில் இன்னொரு 1,000. அதற்குப் பிறகு நிமிடங்களைக் கணக்குப் பார்த்துப் பார்த்து அடுத்தடுத்த உத்தரவுகள். இரண்டு மணியைத் தொடும்போது மொத்தம் 10,500 மெகாவாட் வெட்டப்பட்டிருந்தது. ஏறக்குறைய இருபது லட்சம் வீடுகள் இருட்டில். இவ்வளவு அவசரமாக இவ்வளவு பேருடைய அடுப்பையும் விளக்கையும் அணைக்க அவர்களைத் துரத்தியது ஒரே ஓர் எண். வழக்கமாக 60 என்று காட்ட வேண்டிய அந்த எண் 59.9, 59.7, 59.5 என்று இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணின் பெயர் அதிர்வெண். மாறுதிசை மின்னோட்டம் ஒரு விநாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது என்ற கணக்கு. நம் ஊரில் 50, அமெரிக்காவில் 60. இதை வெறும் பாடப்புத்தக எண்ணாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. ஒரு மின்தொகுப்பின் நாடித்துடிப்பு அதுதான்.

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஸ்ரீபாதம் தாங்கிகள் பலர் தோள்கொடுத்துப் பெருமாளைச் சுமந்து வருவார்கள். எல்லாருக்கும் ஒரே நடை, ஒரே தாளம். யாராவது ஒருவர் கால் இடறி விலகினால் அவர் தாங்கிய பாரம் அந்தக் கணமே மற்றவர்கள் தோளுக்குப் போய்விடும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, மரத்தண்டு சொல்லிவிடும். நடை கொஞ்சம் தளரும். இன்னும் இருவர் விலகினால் இன்னும் தளரும். ஓர் அளவுக்கு மேல் போனால், நன்றாக நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் தோள்பட்டை முறிந்துவிடும் என்ற நிலை வரும்.

ஒரு மின்தொகுப்பில் உள்ள எல்லா மின் உற்பத்தி இயந்திரங்களும் இப்படித்தான் ஒரே நடையில் சுழல்கின்றன. அனல்மின் நிலையத்தின் டர்பைனும் அணுமின் நிலையத்தின் டர்பைனும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தாலும், கம்பி வழியாகக் கைகோத்து ஒரே தாளத்துக்கு ஓடுகின்றன. ஒன்று நின்றால் அதன் பாரத்தை மற்றவை தம் சுழற்சியில் சேர்த்துவைத்திருக்கும் ஆற்றலிலிருந்து கொடுத்துச் சமாளிக்கும். கொடுக்கக் கொடுக்க வேகம் குறையும். வேகம் குறைந்தால் அதிர்வெண் குறையும். வேகம் மிகவும் குறைந்தால் டர்பைனின் நீண்ட இலைகள் தாறுமாறாக அதிர ஆரம்பித்து உடைந்துபோகலாம். அதனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பாதுகாப்பு ரிலே ஒன்று உண்டு. அதிர்வெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட நேரம் நீடித்தால், இயந்திரத்தைத் தொகுப்பிலிருந்து கழற்றிவிடுவது அதன் வேலை. இயந்திரத்தைக் காப்பாற்ற அது சரியான முடிவு. ஆனால் கழன்றுகொண்ட இயந்திரத்தின் பாரம் மிச்சமுள்ளவற்றின் மேல் விழும். பிறகு அவையும் ஒவ்வொன்றாகக் கழலும்.

டெக்சாஸில் அந்த எல்லை 59.4. அதற்குக் கீழே 9 நிமிடம் நீடித்தால் இயந்திரங்கள் கழன்றுகொள்ளத் தொடங்கும். அன்று அதிகாலை 1:51 அளவில் அதிர்வெண் 59.4க்குக் கீழே போனது. 1:55 அளவில் 59.302 வரை இறங்கியது. அதன் பிறகுதான் வெட்டிய சுமை வேலை செய்யத் தொடங்கி, எண் மேலேறியது. எல்லைக்குக் கீழே இருந்த நேரம் 4 நிமிடம் 23 விநாடி. ஒன்பதிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 4 நிமிடம் 37 விநாடி. இரண்டு கோடியே அறுபது லட்சம் பேருக்கு மின்சாரம் தரும் ஒரு தொகுப்பு, அடியோடு சரிவதற்கு அவ்வளவு அருகில் போய்த் திரும்பியது.

சரிந்திருந்தால் என்ன? திரும்பப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வீட்டில் டிரிப் ஆன மெயின் சுவிட்சைத் தூக்கிவிடுவது போன்றதல்ல அது. ஒரு பெரிய மின் நிலையத்தை இயக்கவே மின்சாரம் வேண்டும்: நீரேற்றும் பம்புகள், எரிபொருள் வால்வுகள், குளிர்விக்கும் விசிறிகள் எல்லாவற்றுக்கும். முற்றிலும் இருண்ட தொகுப்பில் அந்த முதல் மின்சாரத்தைத் தருவதற்கென்றே தன்னந்தனியாகக் கிளம்பக்கூடிய சில சிறிய நிலையங்களைத் தனியே வைத்திருப்பார்கள். அவற்றிலிருந்து பொறி பறக்கவிட்டு, ஒரு பெரிய நிலையத்தை எழுப்பி, அதற்குக் கொஞ்சம் சுமை கொடுத்து, அடுத்ததை எழுப்பி, இரண்டையும் ஒத்திசைத்து, இப்படி அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். வாரக்கணக்கில், ஒருவேளை மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம் என்று அந்தத் தொகுப்பை நடத்தியவர்களே பின்னர் சொன்னார்கள். இதைவிட என்னைத் திடுக்கிடவைத்த ஒன்று, பிறகு வந்த விசாரணை அறிக்கையில் இருக்கிறது. டெக்சாஸில் இந்த வேலைக்கென்று முதல் வரிசையில் ஒதுக்கப்பட்டிருந்த நிலையங்கள் 13. அந்தப் புயல் நாட்களில் அவற்றில் 9, ஏதோ ஒரு சமயத்தில், குளிராலோ எரிபொருள் இல்லாமலோ கோளாறுபட்டிருந்தன. தீப்பெட்டியே நனைந்திருந்தது.

*

குளிர் கடுமையானதுதான். பிப்ரவரி 16 அன்று டல்லஸ் வட்டாரத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 19 டிகிரி செல்சியஸ் கீழே போனது. 1949க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு குளிர் அடித்ததில்லை. 14ஆம் தேதி ஞாயிறு மாலையே மின் தேவை 69,000 மெகாவாட்டைத் தாண்டி, குளிர்காலத்துக்கான புதிய உச்சத்தைத் தொட்டது. மிகமிக மோசமான குளிர்காலம் வந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் போட்டுவைத்திருந்த கணக்கே 67,000 சொச்சம்தான்.

ஆனால் தேவை கூடியது பாதிக் கதை. டெக்சாஸ் தொகுப்பில் நிறுவப்பட்டிருந்த திறன் ஒரு லட்சம் மெகாவாட்டுக்கு மேல். அதில் மோசமான நேரத்தில் 52,000 மெகாவாட்டுக்கும் அதிகம், ஏறக்குறைய பாதி, பயன்படாமல் கிடந்தது. நிலையங்கள் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். மின்சாரம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை ஒரே ஒரு குழாயை வைத்துப் பார்க்கலாம். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கில், மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து சற்று உள்ளே, சவுத் டெக்சாஸ் புராஜெக்ட் என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. இரண்டு அணு உலைகள், ஒவ்வொன்றும் 1,300 மெகாவாட் அளவு. 15ஆம் தேதி காலை 5:37க்கு முதல் உலை தானாகவே நின்றது. உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எரிபொருள் இருந்தது, காவல் இருந்தது, அணுப் பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை. நீராவிக்கான தண்ணீரைச் செலுத்தும் பம்புகளின் அழுத்தத்தை அளக்க ஒரு மெல்லிய உணர்குழாய் உண்டு. அதனுள் நின்றிருந்த தண்ணீர் உறைந்துவிட்டது. அழுத்தம் தவறு என்று கருவி பொய்ச்செய்தி அனுப்பியது, பம்புகள் நின்றன, உலை நின்றது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் வீடுகளுக்கான மின்சாரம் ஒரு சிறு குழாயில் உறைந்த தண்ணீரோடு போயிற்று.

வட மாநிலங்களில் இப்படிப்பட்ட நிலையங்களை முழுக்கக் கட்டடத்துக்குள் வைத்துக் கட்டுவார்கள். தெற்கே சுவர் எழுப்பினால் கோடையில் வெப்பம் வெளியேற வழியில்லை என்று திறந்தவெளியில் விட்டுவிடுவார்கள். கோடைக்கு அது புத்திசாலித்தனம். குளிருக்கு அந்தக் குழாயைச் சுற்றி ஒரு சூடேற்றும் நாடாவும் நல்ல உறையும் காற்றைத் தடுக்கும் ஒரு தட்டியும் போதும். இந்தப் புயலில் டெக்சாஸிலும் அண்டை மாநிலங்களிலுமாக 1,045 உற்பத்தி இயந்திரங்கள் ஏதோ ஒரு வகையில் தடுமாறின. அந்தத் தடுமாற்றங்களில் 44 சதவீதத்துக்குக் காரணம் இப்படி உறைந்துபோனதுதான். அடுத்த 31 சதவீதத்துக்குக் காரணம் எரிபொருள் வராதது. உறைந்தவற்றில் ஐந்தில் நான்கு, தாங்கள் தாங்கும் என்று உரிமையாளர்களே எழுதிக்கொடுத்திருந்த குளிரைக்கூடத் தாங்கவில்லை.

எரிபொருள் என்றால் இங்கே இயற்கை எரிவாயு. டெக்சாஸ் மின்சாரத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. அன்று இழந்த திறனிலும் பெரும்பங்கு அதுதான். காற்றாலைகளும் உறைந்தன என்பது உண்மை. ஆனால் அந்த வாரத்தில் சில அரசியல்வாதிகள் தொலைக்காட்சியில் சொன்னதுபோல் காற்றாலைகளால்தான் மாநிலம் இருண்டது என்பது கணக்குக்கு ஒத்துவராத பேச்சு.

எரிவாயுக் கிணற்றிலிருந்து வாயுவோடு கொஞ்சம் தண்ணீரும் வரும். கிணற்றின் தலையில் அது உறைந்தால் கிணறு அடைபடும். இது ஒன்று. இரண்டாவது, நான் படித்தவற்றிலேயே மிகவும் வேதனையான முடிச்சு. கிணற்றிலிருந்து வாயுவை எடுத்துக் குழாயில் தள்ளும் அழுத்திகள் பலவும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்சாரம் பற்றாக்குறை என்று தெருத்தெருவாகக் கரன்ட்டை நிறுத்தியபோது, அந்த அழுத்திகளுக்கும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். மருத்துவமனையைப் போல இவையும் அத்தியாவசியம், இவற்றைத் தொடாதீர்கள் என்று பதிந்துவைக்க ஒரு படிவம் இருந்தது. பல எரிவாயு நிறுவனங்கள் அதை நிரப்பித் தரவே இல்லை. கரன்ட் போனது, வாயு நின்றது. வாயு நின்றதால் மின் நிலையம் நின்றது. மின் நிலையம் நின்றதால் இன்னும் நிறையத் தெருக்களில் கரன்ட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. நான்கைந்து நாட்களில் டெக்சாஸின் எரிவாயு உற்பத்தி ஏறக்குறைய 45 சதவீதம் விழுந்தது. டெக்சாஸ் வாயுவை நம்பியிருந்த வட மெக்சிகோவிலும் 47 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனது.

சுழற்சி முறை மின்வெட்டு என்றுதான் அறிவித்தார்கள். நமக்குப் பழக்கமான வார்த்தை: உங்கள் தெருவில் ஒரு மணி நேரம், பிறகு அடுத்த தெருவில். ஆனால் வெட்ட வேண்டிய அளவு 20,000 மெகாவாட்டைத் தொட்டபோது சுழற்றுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் இருக்கும் மின்பாதைகளைத் தொட முடியாது. மற்ற எல்லாமே ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தன. ஆகவே பாதுகாக்கப்பட்ட பாதையில் இருந்தவருக்கு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, மற்றவருக்கு இரண்டு மூன்று நாள் இருட்டு. ஆஸ்டின் நகர மையத்தில் ஆளில்லாத அலுவலக மாடிகள் ஒளிர்ந்த படங்களை அந்த வாரம் உலகமே பார்த்தது. அதே ஊரில் மக்கள் குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டினார்கள். சிலர் மூடிய கார் கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன, வீடுகளில் குழாய்கள் வெடித்தன, ஒரு கோடிக்கும் அதிகமானோருக்குக் குடிநீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்று எச்சரிக்கை வந்தது. கொதிக்கவைக்க அடுப்பு எரியவில்லை. மாநில அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குளிர். உலகின் எரிசக்தித் தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஹூஸ்டன் இருக்கும் மாநிலத்தில், மனிதர்கள் தங்கள் கட்டிலில் படுத்தபடியே உறைந்து இறந்தார்கள்.

*

பக்கத்து மாநிலத்திலிருந்து மின்சாரம் வாங்கியிருக்கலாமே? அமெரிக்கப் பெருநிலத்தில் மூன்று மின்தொகுப்புகள் உண்டு. கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று. மூன்றாவது டெக்சாஸ். ஒரு நாட்டின் பாதியை ஒரு தொகுப்பும் மறுபாதியை ஒரு தொகுப்பும் எடுத்துக்கொள்ள, நடுவில் ஒரு மாநிலம் மட்டும் தனித்து நிற்கிறது. எந்த மலையும் கடலும் இதைப் பிரிக்கவில்லை. பிரித்தது ஒரு சட்டம், அதற்கு அஞ்சிய ஒரு முடிவு.

1935இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மின்சாரச் சட்டம் கொண்டுவந்தது. மாநில எல்லையைத் தாண்டி விற்கப்படும் மின்சாரம் வாஷிங்டனின் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்றது அது. டெக்சாஸ் மின் நிறுவனங்கள் அந்தச் சட்டத்தின் வாசகத்தையே பிடித்துக்கொண்டன: எல்லையைத் தாண்டினால்தானே? தாண்டாமல் இருந்துவிடலாம். டெக்சாஸ் பெரிது. நிலக்கரியும் வாயுவும் அங்கேயே கிடைக்கின்றன. உள்ளுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்துகொண்டு, வெளியே செல்லும் கம்பிகளை விட்டுவிட்டார்கள்.

அந்த எல்லைக்கோடு எவ்வளவு தீவிரமாகக் காக்கப்பட்டது என்பதற்கு 1976 மே 4 இரவு சாட்சி. பல மாநிலங்களில் தொழில் நடத்திய ஒரு மின் நிறுவனக் குழுமம், டெக்சாஸின் வெர்னன் ஊரில் உள்ள துணைமின் நிலையத்தில் ஒரு சுவிட்சைப் போட்டது. மின்சாரம் எல்லை தாண்டி ஓக்லஹோமாவின் ஆல்டஸ் ஊருக்குப் போனது, சில மணி நேரம் மட்டும். வெர்னனிலிருந்து ஆல்டஸுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எல்லை தாண்டிய அந்தச் சில மணி நேரத்தாலேயே, இணைந்திருந்த எல்லா டெக்சாஸ் நிறுவனங்களும் மத்தியக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் என்பது வாதம். செய்தி தெரிந்ததும் டல்லஸ், ஹூஸ்டன் நிறுவனங்கள் மற்றவர்களோடு இருந்த இணைப்பையே வெட்டிக்கொண்டன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. முடிவில் ஒரு சமரசம் வந்தது: கிழக்குத் தொகுப்போடு குறுகலான நேர்திசை மின்னோட்ட இணைப்புகள் சில, அவற்றால் டெக்சாஸின் விலக்கு பறிபோகாது என்ற உறுதிமொழியோடு.

நேர்திசை இணைப்பை ஏரி மதகோடு ஒப்பிடலாம். இரண்டு ஏரிகளின் நீர்மட்டம் வேறுவேறாக இருந்தாலும், நடுவில் உள்ள மதகைத் திறந்து வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் விடலாம். ஒரு பக்கத்து மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, மறுபக்கத்தில் திரும்ப மாறுதிசையாக்குவார்கள். இரண்டு தொகுப்புகளும் தத்தம் நடையிலேயே நடக்கும். அருமையான தொழில்நுட்பம். டெக்சாஸுக்கும் கிழக்குத் தொகுப்புக்கும் நடுவே அப்படிப்பட்ட மதகுகள் இரண்டு, மொத்தம் 820 மெகாவாட். மெக்சிகோ பக்கத்தையும் சேர்த்தால் 1,200 சொச்சம். பிப்ரவரி 15 அன்று வேண்டியிருந்தது 20,000.

*

இந்தத் தனிமைக்கு மேல்தான் 1999இல் டெக்சாஸ் தன் மின்சாரத்தைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட என்ரான் நிறுவனம் அதற்காகப் பெருமுயற்சி எடுத்தது. 2002 ஜனவரி 1 முதல் பெரும்பாலான டெக்சாஸ் மக்கள் தங்கள் மின்சாரத்தைக் கைப்பேசித் திட்டம்போல் கம்பெனி பார்த்து வாங்கலாம் என்றானது. உற்பத்தி தனி, கம்பி தனி, சில்லறை விற்பனை தனி. எர்காட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு நடுவில் நின்று ஒருங்கிணைக்கும், அவ்வளவே.

பல இடங்களில் மின் நிலையங்களுக்கு இரண்டு வகையில் பணம் தருவார்கள்: விற்ற மின்சாரத்துக்கு ஒன்று, வேண்டும்போது தயாராக நிற்பதற்கு இன்னொன்று. டெக்சாஸ் முதலாவதை மட்டுமே பெரும்பாலும் நம்பியது. பற்றாக்குறை வரும்போது விலை விண்ணைத் தொடும், அந்த ஒரு சில மணி நேர லாபத்துக்காக எல்லாரும் ஆண்டு முழுதும் தயாராக இருப்பார்கள் என்பது அதன் கொள்கை. உச்ச விலை 2015இல் ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலராக உயர்த்தப்பட்டது. நம் கணக்கில் ஒரு யூனிட் 9 டாலர். சாதாரண நாட்களில் அதே யூனிட் மூன்று சென்ட்டுக்கும் கீழே விற்றது.

கோடைக்கு இந்தக் கொள்கை பலித்தது என்பதை மறுக்க முடியாது. வெயில் ஆண்டுதோறும் வருகிறது, லாபமும் வருகிறது, ஏற்பாடும் நடக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் குளிர் அப்படியல்ல. ஒரு நிலைய உரிமையாளர் இப்போது லட்சக்கணக்கான டாலர் செலவிட்டுக் குழாய்களுக்கு உறை போட்டால், அதன் பலன் என்று வரும், வருமா என்பதே தெரியாது. போடாத போட்டியாளர் மலிவாக விற்றுக்கொண்டிருப்பார். போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கக்கூடிய ஒரே கை விதிமுறையின் கைதான். அந்தக் கை வேண்டாம் என்றுதான் எல்லைக்கோடே போடப்பட்டது.

விலையால் அழைத்தால் மின்சாரம் வரும் என்ற நம்பிக்கை அந்த வாரம் முழுச் சோதனைக்கு உள்ளானது. மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் விலையை உச்சமான 9,000 டாலரிலேயே நிறுத்திவைத்தது. உறைந்த கிணற்றுக்கும் உறைந்த குழாய்க்கும் அந்த அழைப்பு கேட்கவில்லை. வர முடிந்தவை முன்பே வந்திருந்தன. 17ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மின்வெட்டு நின்ற பிறகும், 30 மணி நேரத்துக்கு மேல் அதே விலை நீடித்தது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு மட்டும் 1,600 கோடி டாலர் மிகையாக வசூலிக்கப்பட்டதாகச் சந்தையைக் கண்காணிக்கும் சுதந்திர அமைப்பு கணக்கிட்டது. மொத்த விலையை அப்படியே நுகர்வோருக்குக் கடத்திய கிரிடி என்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. 180 கோடி டாலருக்கும் அதிகமான பில்லைக் கட்ட முடியாமல், கிராமப்புற மக்களின் கூட்டுறவு நிறுவனமான பிராசோஸ் எலக்ட்ரிக் மார்ச் 1 அன்று திவால் மனு கொடுத்தது.

*

தனித்திருப்பதில் நன்மையே இல்லையா என்று கேட்டால், உண்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று கிழக்குத் தொகுப்பில் தொடங்கிய சரிவு, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளியது. டெக்சாஸைத் தொடவில்லை. இதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2012 ஜூலை 30, 31 நாட்களில் வட இந்தியாவும் கிழக்கு இந்தியாவும் இருண்டு, 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டபோது தென்மாநிலத் தொகுப்பு சரியாமல் நின்றது. அப்போது தெற்கு மற்ற பகுதிகளோடு ஒரே நடையில் இணைக்கப்படவில்லை. தால்சேர்–கோலார் போன்ற நேர்திசை மதகுகள் வழியாகத்தான் தொடர்பு. வடக்கின் நடை தடுமாறியது தெற்கின் தோளில் இறங்கவில்லை.

ஆனால் அதே 2012இல் தமிழ்நாடு எப்படி இருந்தது என்பது நமக்கு மறக்காது. சென்னைக்கு வெளியே ஒரு மணி நேரம் கரன்ட், ஒரு மணி நேரம் இருட்டு. வடக்கே மின்சாரம் விற்பனைக்கு இருந்த நேரத்திலும் அதைக் கொண்டுவரக் கம்பிகளில் இடம் போதவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கித் தெற்கும் நாட்டின் பிற பகுதிகளும் ஒரே அதிர்வெண்ணுக்கு வந்தன. அன்றே பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, இன்னும் பல பாதைகள் கட்ட வேண்டியிருந்தது. என்றாலும் முடிவு எந்தத் திசையில் எடுக்கப்பட்டது என்பது முக்கியம். மதகுகள் நெருப்பைத் தடுக்கும் சுவராகவும் இருக்கலாம், தண்ணீர் வரும் வழியாகவும் இருக்கலாம். எத்தனை பெரியதாகக் கட்டுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. டெக்சாஸ் அவற்றைச் சிறியதாகவே வைத்துக்கொண்டது.

அண்டை மாநிலங்களுக்கும் அதே குளிர்தான். அங்கேயும் இயந்திரங்கள் உறைந்தன. டெக்சாஸுக்கு வடக்கே மத்தியச் சமவெளி மாநிலங்களின் தொகுப்பு அமைப்பு, தன் வரலாற்றில் முதன்முறையாகச் சுமையை வெட்டியது. 15ஆம் தேதி ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, 16ஆம் தேதி மூன்று மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக. அவ்வளவுதான். குளிர் அவ்வளவாகத் தாக்காத கிழக்கு மாநிலங்களிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்துகொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் 13,000 மெகாவாட் வரை. டெக்சாஸுக்கும் தென்கிழக்குக்கும் நடுவே இன்னும் 1,000 மெகாவாட் இணைப்பு இருந்திருந்தால், சுமார் 2 லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் கிடைத்திருக்கும், அந்த ஒரு புயலிலேயே 100 கோடி டாலருக்கு நெருக்கமாக மிச்சமாகியிருக்கும் என்று பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

டெக்சாஸுக்கு உள்ளேயே இன்னொரு சாட்சி. மேற்குக் கோடியில் உள்ள எல் பாசோ நகரம் எர்காட்டில் இல்லை, மேற்குத் தொகுப்பில் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் வந்த குளிரில் அந்த நகரம் மோசமாக அடிபட்டது. அதற்குப் பிறகு அங்குள்ள நிறுவனம் கடுங்குளிரைத் தாங்கும்படி புதிய நிலையம் கட்டியது, பழையவற்றுக்கு உறை போட்டது. 2021இல் எல் பாசோவில் மின்சாரம் இழந்தவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களுக்கும் சில நிமிடங்கள்தான்.

அதே 2011 குளிரில் டெக்சாஸ் தொகுப்பிலும் 4,000 மெகாவாட் வெட்டப்பட்டு, 32 லட்சம் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசின் எரிசக்தி ஆணையம் நீண்ட அறிக்கை கொடுத்தது. உணர்குழாய்களுக்குச் சூடேற்றும் நாடா, காற்றுத் தடுப்பு, குளிர்காலத்துக்கு முன் சோதனை, எல்லாம் அதில் இருக்கிறது. 1989 குளிருக்குப் பிறகும் இதே போன்ற பரிந்துரைகள் வந்தன, அவற்றை யாரும் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்பதையும் அதே அறிக்கை எடுத்துச் சொன்னது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பத்தாண்டுகள் முன்பே, எந்தக் குழாய் உறையும், அதற்கு என்ன சுற்ற வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். கட்டாயம் என்ற ஒரு சொல் மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை.

2021 மே மாத இறுதியில் டெக்சாஸ் சட்டமன்றம் அந்தச் சொல்லைச் சேர்த்தது. மின் நிலையங்கள் குளிருக்குத் தயாராக இருப்பது கட்டாயமானது, ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். உச்ச விலை 5,000 டாலராகக் குறைக்கப்பட்டது. சூரிய மின்சாரமும் பேட்டரிகளும் அதன் பிறகு அங்கே வளர்ந்த வேகம் பிரமிக்கவைப்பது. 2024 ஜனவரிக் குளிரில் தேவை 78,000 மெகாவாட்டைத் தாண்டியபோதும் யாருடைய கரன்ட்டையும் வெட்ட நேரவில்லை. அது 2021 அளவுக்குக் கொடிய குளிர் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டெக்சாஸிலிருந்து மிசிசிப்பி நோக்கி 3,000 மெகாவாட் நேர்திசைப் பாதை ஒன்று பல ஆண்டுகளாகத் திட்டத்தில் இருக்கிறது. அதனாலும் டெக்சாஸின் விலக்கு கெடாது என்ற உறுதிமொழியை முதலில் எழுதி வாங்கிவிட்டுத்தான் திட்டத்தை நகர்த்தினார்கள்.

அந்த வாரத்தில் எரிவாயு நிறுவனங்கள் கொடுத்த விலையைக் குடும்பங்களால் ஒரே தடவையில் கட்ட முடியாது என்பதால், மாநில அரசு 2023இல் 350 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டது. அதன் தவணை டெக்சாஸ் வீடுகளின் எரிவாயு பில்லில் மாதாமாதம் சேர்க்கப்படுகிறது. அந்தக் குளிர் இரவுகளில் போர்வைக்குள் நடுங்கிய கைக்குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் காலத்திலும், அவர்கள் வீட்டு பில்லில் அந்தத் தொகை வந்துகொண்டிருக்கும்.